அந்தோணிராஜின் ஒழுகிய டின்

அந்தோணிராஜைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே அவருடைய நண்பன் ஒருவனின் பெயரை எழுதியாக வேண்டும். எனக்குத் தெரிந்த பெயர்தான். குறைந்தது நூறு தடவையாவது என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சொல்லி முடிக்கும்போது என்மேல் யாருக்கும் மரியாதை மிஞ்சாது. எனக்கே மிஞ்சவில்லை.

நான் பினாங்கில் தண்ணீர் இலாகாவில் முப்பத்தோரு வருஷம் கிராணியாக இருந்தவன். ஊர்ப்பக்கம் குமாஸ்தா என்பார்கள், இங்கே கிராணி. பெயர் நாகநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா கிராணி, பெரியப்பா கிராணி, மாமா ஸ்டேஷன் மாஸ்டர். இங்கிலீஷில் கடிதம் எழுதுவதற்கென்றே கடவுள் எங்களைப் படைத்தார் என்ற நினைப்போடு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தோணிராஜ் அதே இலாகாவில் குழாய் பதிக்கிற ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை "கிராணி" என்பார், நான் அவரை "அந்தோணி" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பேனா பிடித்தவன் மண்வெட்டி பிடித்தவனை அப்படித்தான் கூப்பிடுவான், அது அப்போது யார் கண்ணையும் உறுத்தவில்லை. என் கண்ணையும்தான்.

திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர் அவர். இருபது வயதில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துப் பாலைவனத்துக்குப் போனார். துப்பாக்கி பிடித்துச் சண்டை போடுகிற வேலை இல்லை, படை முன்னே போகப் போகப் பின்னாலேயே பாதை போட்டு, தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை. சண்டை முடிந்து ஊர் திரும்பி, பிழைப்பு சரிப்படாமல் நாற்பத்தெட்டில் கப்பலேறி பினாங்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் குழாய்தான். ஆலிஸைக் கட்டிக்கொண்டு ஜெலுத்தோங்கில் குடியிருந்தார். ஒரே மகள், ஐரீன்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. எங்கே குழாய் சொட்டினாலும் பொறுக்கமாட்டார், எழுந்துபோய் இறுக்கிவிட்டுத்தான் உட்காருவார். இரண்டாவது, எந்த டின்னைப் பார்த்தாலும் தூக்கி அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். பிஸ்கட் டின், பால் டின், மண்ணெண்ணெய் டின், எதுவானாலும் சரி. சூலியா ஸ்திரீட் சந்தில் முகம்மது கனி வைத்திருந்த தேத்தண்ணீர்க் கடையில் இதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் சிரிப்போம். காலை பத்தரை மணிக்கு இலாகாவே அங்கேதான் இருக்கும். புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்து அந்தக் கடைக்கு வந்தால், ஏன் இவர் டின்னைத் தடவுகிறார் என்று கேட்பான். உடனே அவர் கதையைத் தொடங்கிவிடுவார். மாதத்துக்கு ஒருமுறையாவது அது நடக்கும்.

கதை சின்னதுதான். ஒரு லாரி, நான்கு தமிழ் ஆட்கள். மணற்காற்று அடித்ததில் மற்ற வண்டிகளைத் தவறவிட்டு, பாதையை விட்டு விலகி, மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெட்ரோல் வந்த மெல்லிய தகர டின்களிலேயே தண்ணீரும் பிடித்து வைப்பார்களாம். லாரியில் இரண்டு டின் தண்ணீர் இருந்தது. கிளம்புமுன் டின்னைத் தூக்கி, அடியில் ஒழுகுகிறதா என்று தடவிப் பார்ப்பது அந்தோணிராஜின் பொறுப்பு. அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. ஒரு டின் அடி விளிம்பில் ஒட்டு விட்டிருந்தது. விடிந்து பார்த்தால் அது காலி, மணல்கூட ஈரமாக இல்லை. மிச்சம் இருந்த ஒரு டின்னை நான்கு பேரும் இரண்டு நாள் குடித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒருவன் செத்தான். அவன்தான் அந்த நண்பன். அன்று மத்தியானமே வேறொரு லாரி வந்து அவன் உடலையும் மற்ற மூவரையும் ஏற்றிக்கொண்டது. பாதை அரை மைலில்தான் இருந்திருக்கிறது, ஒரு மண்மேட்டுக்கு அந்தப் பக்கம். இவர்கள் ஏறிப் பார்க்கவில்லை.

சொல்லி முடிக்கும்போது எப்போதும் ஒரே வார்த்தையில்தான் முடிப்பார்.

"டின்ன நான் பாத்திருக்கணும். பாக்கல. அவன் என்னைத் திட்டிக்கிட்டேதான் செத்தான்."

அதன் பிறகு அந்த நண்பனின் முழுப்பெயரைச் சொல்வார். ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்ந்த நீளமான பெயர். அதைச் சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். இவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே தாகம் எடுத்துவிடுமே என்று நான் ஒருமுறை சொன்னேன். கடையே சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். அப்போதெல்லாம் என் வாய் எப்படிப்பட்ட வாய் என்பதற்கு இது ஒன்று போதும்.

எழுபத்துநாலில் பினாங்கு ரோட்டுத் தியேட்டர் ஒன்றில் ஞாயிறு காலைக் காட்சிக்கு ஒரு பழைய சண்டைப் படம் போட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம். ரொம்பப் பேர்பெற்ற படமாம், ஏற்கெனவே ஒருமுறை வந்து ஓடியிருக்கிறதாம். பாலைவனத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஆறு பட்டாளத்துக்காரர்களின் கதை என்று பேப்பரில் பார்த்ததும், அந்தோணி கதை படமாக வந்துவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னேன். கனி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். டிக்கெட் நான்தான் எடுத்தேன்.

படம் உண்மையிலேயே நல்ல படம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆறு வெள்ளைக்காரர்கள், ஒரு லாரி, ஒரு பீப்பாய் தண்ணீர். எதிரி விமானம் வந்து சுட்டதில் பீப்பாயில் குண்டு பாய்ந்து தண்ணீர் பீறிட்டு ஓடுகிறது. அதற்குப் பிறகு கேப்டன் ஒரு போத்தல் மூடியால் அளந்து அளந்து ஆளுக்கு ஒரு வாய் கொடுக்கிறான். ஹாரி என்று ஒரு சிப்பாய். எப்போதும் சிரித்த முகம், வாயில் ஒரு பாட்டு. கடைசியில் தன் பங்குத் தண்ணீரைக் காயம்பட்டவன் வாயில் ஊற்றிவிட்டு, கேப்டனைப் பார்த்துச் சிரித்தபடியே சாகிறான். தியேட்டரில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். கனி வாய்விட்டே அழுதார்.

அந்தோணிராஜ் அழவில்லை. பீப்பாயில் குண்டு பாய்ந்தபோது, "அது குண்டு இல்ல," என்று சத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த சீனக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். படத்தில் ஓரிடத்தில் நம்முடைய ஆட்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு குறுக்கே போனார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது போய்விட்டது. அதைப் பார்த்ததும் இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போது படம் எப்படி என்று கேட்டேன். அவனுகளுக்கு மண்மேட்டில் ஏறிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது, எங்களுக்குத் தோன்றவில்லை என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படத்தோடு அவர் கதை செத்தது. மறுநாளே யாரோ ஒருவன் கேட்டு அவர் தொடங்கினார். இரண்டு வார்த்தை சொல்வதற்குள், "இது அந்தப் படத்துல வந்ததுதானே லா," என்று அவன் பேச்சை வெட்டிவிட்டான். படத்துக்கு முன்பே இருபத்தைந்து வருஷமாக அவர் இதைச் சொல்லி வந்தார் என்று நானோ கனியோ எழுந்து சொல்லியிருக்கலாம். நாங்கள் சொல்லவில்லை. பார்க்க வேடிக்கையாக இருந்தது. படம் ஊரெல்லாம் பார்த்த படமாகிவிட்டதால் அதன் பிறகு வந்தவர்களெல்லாம், கிழவர் சினிமா பார்த்துவிட்டு அளக்கிறார் என்றே நினைத்தார்கள். போதாததற்கு, படத்தில் இருப்பதுபோல் இவர் கதையில் ஒன்றும் இல்லை. விமானம் இல்லை, குண்டு இல்லை, கேப்டன் இல்லை. ஒரு டின் ஒழுகிற்று, ஒருவன் திட்டிக்கொண்டே செத்தான், அவ்வளவுதான். திட்டிக்கொண்டே சாகிறவனை வைத்து எவன் படம் எடுப்பான் என்று கேட்டதும் நான்தான். "அந்தோணி, உங்க ஹாரி எப்பிடிச் செத்தான், சொல்லுங்க" என்று முதன்முதலில் கூப்பிட்டுக் கேட்டதும் நான்தான்.

அவர் கோபப்பட்டார். அவன் பெயர் ஹாரி இல்லை என்று முழுப்பெயரைச் சொன்னார். அடுத்த வாரமும் கேட்டோம், அடுத்த வாரமும் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் வாயிலிருந்து பாலைவனம் என்ற சொல்லே வரவில்லை. தேத்தண்ணீர் குடிப்பார், குழாயை இறுக்குவார், போய்விடுவார்.

எழுபத்தைந்து கடைசியில் அவர் ஓய்வுபெற்றார். யூனியன் மண்டபத்தில் விருந்து. மட்டன் பிரட்டல், நெய்ச்சோறு, ஆளுக்கொரு போத்தல் ஆரஞ்சு. பேசுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். குழாய் பதித்தவனைப் பற்றி அரைமணி நேரம் என்ன பேசுவது? நான் படத்தைப் பேசினேன். விமானம் வந்தது, பீப்பாயில் குண்டு பாய்ந்தது, போத்தல் மூடியால் அளந்து குடித்தார்கள், நம் அந்தோணிராஜின் மடியில் அவருடைய உயிர்த்தோழன் தன் கடைசிச் சொட்டைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடியே கண்ணை மூடினான் என்று, பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் வெளுத்து வாங்கினேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஆலிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போது பதினைந்து வயதான ஐரீன், அப்பாவை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவர் எழுந்து இல்லையென்று சொல்லியிருக்கலாம். மாலையும் கழுத்துமாக நின்றார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கைகூப்பினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷம் என்று நினைத்து, நானும் பெருமையோடு உட்கார்ந்தேன். பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. முப்பது வருஷமாக அவர் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த டின்னில், அன்றைக்கு நான் ஒரு துப்பாக்கிக் குண்டைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். குண்டு பாய்ந்தால் யார் என்ன செய்யமுடியும்? அது யாருடைய பொறுப்பும் இல்லையே. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அவர் இடத்தில் வந்திருக்குமா என்றால், சத்தியமாக வந்திருக்காது.

அதன் பிறகு கதை அவர் வாயிலிருந்தே அப்படித்தான் வந்தது. ஓய்வுக்குப் பிறகும் கனி கடைக்கு வருவார். கேட்டால் சொல்வார், நன்றாகவும் சொல்வார். வீரர் தினத்தை ஒட்டி டெலிவிஷனில் அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் ஐரீன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொள்வாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்வார். உண்மைக் கதை தெரிந்த ஆலிஸ் எண்பத்துநாலில் இறந்துபோனாள். டின்னைத் தடவுகிற பழக்கம் மட்டும் அவர் விரலில் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்பவர்தான் இல்லை.

தொண்ணூற்றிரண்டில் ஐரீன் ஒரு பேப்பர்த் துண்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தாள். பாலைவனச் சண்டையின் ஐம்பதாவது வருஷத்தை ஒட்டி, அங்கே இருந்த பழைய படைவீரர்களை, எந்த நாட்டில் இருந்தாலும், எகிப்தில் இருக்கும் பட்டாளக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போக ஒரு சங்கம் பெயர் சேர்க்கிறதாம். செலவெல்லாம் சங்கத்துடையது. அப்பாவின் பட்டாளப் புத்தகத்தைக் கரையான் தின்று எத்தனையோ வருஷமாகிறது. அதனால் சாட்சியம்போல் ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பவேண்டும். அங்கிள்தான் எழுதித் தரவேண்டும் என்றாள்.

மறுநாள் அவர் தனியாக வந்தார். எழுபத்திரண்டு வயது, கையில் தடி. ஐரீனிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

"ஊரு பாக்கப் போகல கிராணி. அவன் கல்லறையில ஒரு மெழுகுவத்தி கொளுத்தணும். மன்னிச்சுக்கடான்னு ஒரு வார்த்த கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டம் அன்றைக்கு முழுக்க மெழுகுவர்த்தியாக இருக்கும். தங்கள் ஆள் வேறெங்கோ தூரத்தில் புதைக்கப்பட்டிருந்தால், நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஒன்றைக் கொளுத்துவார்கள். நாற்பத்துநாலு வருஷமாக அவனுக்கு அங்கேதான் கொளுத்தி வருகிறேன், ஒருமுறையாவது அவன் தலைமாட்டிலேயே வைக்கவேண்டும் என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். எதிரி விமானம், குண்டு, போத்தல் மூடி. குண்டு என்ற இடத்தில் என் பேனா நின்றது. அது டின் என்று எனக்குத் தெரியும். அவர் கதையையும் படத்தின் கதையையும் பிரிக்கத் தெரிந்த ஆட்களில் மிச்சம் இருந்தவர்கள் நானும் கனியும்தான். ஆனால், டின் ஒழுகிற்று என்று எழுதினால் வெள்ளைக்காரன் மனது இளகுமா? குண்டுதான் இங்கிலீஷில் எடுப்பாக இருக்கும். எழுதினேன். நண்பனைப் பற்றி வந்த இடத்தில் பெயர் கேட்டு எழுதியிருக்கவேண்டும். கேட்கவில்லை. 'என் அன்புக்குரிய தோழன்' என்று பொருள்படும்படி அழகான ஒரு வாக்கியத்தைப் போட்டேன். அந்த நீளப் பெயரைச் செருகினால் வாக்கியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். இரண்டு பக்கம், டைப் அடித்து, ஒரு எழுத்துப் பிழை இல்லை. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போட்டார்.

ஜூலையில் அந்தச் சங்கத்தின் சார்பில் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மேஜர் ஒருவர் பினாங்குக்கு வந்தார். நார்தாம் ரோட்டில் ஒரு கிளப்பில் சந்திப்பு. மொழிபெயர்க்க நான் போனேன். மேஜருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். அவரும் அதே பாலைவனத்தில் இருந்தவராம். நல்ல மனிதர், அந்தோணிராஜைக் கண்டதும் எழுந்து நின்று கைகொடுத்தார். எங்கள் இலாகாவில் எந்த ஆபீசரும் அவருக்கு எழுந்து நின்றதில்லை.

என் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். மடித்து மேசையில் வைத்தார். இந்தப் படத்தை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், நல்ல படம் என்று என்னிடம் சொன்னார். கேலி இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

காகிதம் கிடக்கட்டும், ஒரே ஒரு கேள்விதான் என்றார் மேஜர். பக்கத்தில் இருந்த தடித்த புத்தகத்தில் கை வைத்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்கள் எல்லோருடைய பெயரும், பிரிவும், செத்த தேதியும் அதில் இருக்கிறதாம். இவருடைய படை எண்ணைக் கேட்டுச் சங்கம் ஏற்கெனவே பட்டாள ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறது, பதில் வரவில்லை. அதனால் என்ன, செத்துப்போன தோழனின் பெயரைச் சொல்லட்டும், அந்தப் பெயர் இதில் இருந்தால் இப்போதே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைக்கிறேன் என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அந்தோணிராஜின் முகம் மலர்ந்தது. இவ்வளவுதானா என்பதுபோல் வாயைத் திறந்தார்.

பெயர் வரவில்லை.

வாய் திறந்தபடி இருந்தது. கண் மேசையைத் தேடியது. தேத்தண்ணீர்க் கோப்பையின் தட்டை எடுத்து அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நானும் தேடினேன். நூறு தடவை கேட்ட பெயர். நீளமான பெயர் என்பது ஞாபகம் இருந்தது. அதை வைத்து நான் அடித்த ஜோக் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. பெயர் இல்லை. மேஜர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஹாரி," என்றார் அந்தோணிராஜ்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே தெரிந்தது. தட்டைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மேஜரை நேராகப் பார்த்துத் தமிழிலேயே பேசத் தொடங்கினார். விமானம் வரவில்லை. குண்டு இல்லை. டின் ஒழுகிற்று, பார்க்கவேண்டியவன் நான், பார்க்கவில்லை. பாதை அரை மைலில் இருந்தது. அவன் சிரிக்கவில்லை, என்னைத் திட்டிக்கொண்டே செத்தான். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதையை அதன் சொந்த வார்த்தைகளில் கேட்டேன். ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். என் ஆயுளில் நான் செய்த நேர்மையான மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை நான் நம்புகிறேன், அந்த டின்கள் அப்படித்தான் ஒழுகும், இதை எந்தப் படத்திலும் காட்டவில்லை என்றார். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது, ஒரு பெயராவது வேண்டும் என்றார். புத்தகத்தை அவரிடம் காட்டினால் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று கெஞ்சினேன். பார்த்துச் சொல்வது சாட்சியம் ஆகாது, மற்றவர்களுக்கும் இதே விதிதான் என்றார். அவர் சொன்னது நியாயம். மாத இறுதி வரை நேரம் கொடுத்தார், ஞாபகம் வந்தால் தந்தி அடிக்கச் சொன்னார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அந்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழைய இலாகா ஆட்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்டேன். கனியைக் கேட்டேன். கெப்பாலா பத்தாஸில் மகன் வீட்டில் இருந்த பழைய மேஸ்திரியிடம் பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன். எல்லோருக்கும் கதை நன்றாக ஞாபகம் இருந்தது. குண்டு, போத்தல் மூடி, எல்லாம் இருந்தது. பெயர் என்ன என்றால், ஹாரிதானே என்றார்கள். கனி மட்டும், வேற பேரு ஒண்ணு இருந்துச்சு, ரொம்ப நீளம் என்றார். அது எனக்கும் தெரியும்.

அந்தக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டு அலுவலகத்துக்கும் எழுதினேன். தமிழ் ஆள், கத்தோலிக்கர், இன்ன வருஷம் என்று தெரிந்ததையெல்லாம் எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. பெயரைத் தெரிவித்தால் கல்லறையின் வரிசை எண்ணைத் தெரிவிக்கிறோம் என்று இருந்தது. நானும் முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் பதில் எழுதியிருக்கிறேன். குழாய் எண்ணைத் தெரிவித்தால் புகாரைக் கவனிக்கிறோம்.

அக்டோபரில் அங்கே விழா நடந்தது. டெலிவிஷன் செய்தியில் அரை நிமிஷம் காட்டினார்கள். வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், மெடல் குத்திய கிழவர்கள். அந்தோணிராஜ் அதைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி ஐரீனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அப்பாவை வெஸ்டர்ன் ரோட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி என்னிடம் கேட்டாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள், பூக்கள், மெழுகு வாசம். முதலில் ஆலிஸ் கல்லறையில் ஒன்றைக் கொளுத்தினார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு நடுச் சிலுவைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்தார். நான் தீப்பெட்டியை உரசி நீட்டினேன். அவர் திரியைக் காட்டவில்லை. குச்சி என் விரலைச் சுட்டு அணைந்தது.

"வருஷா வருஷம் இங்க நின்னுதான் பேரு சொல்லிக் கொளுத்துவேன்," என்றார். "எந்த வருஷத்துல இருந்து பேரு சொல்றத விட்டேன்னு தெரியல கிராணி. யாருக்குன்னு சொல்லாம எப்பிடிக் கொளுத்துறது?"

அவனுக்குத் தெரியும், கடவுளுக்கும் தெரியும், கொளுத்துங்கள் என்று நான் என்னென்னவோ சொன்னேன். நான் சைவன், அவர் மதத்தில் என்ன வழக்கம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் தலையாட்டினார். திட்டினவன் பெயரைக்கூட மறந்துவிட்டேன், அவன் இப்போது இன்னும் மோசமாகத் திட்டுவான் என்றார். என்மேல் அவர் கோபப்படவேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த விருந்தில் நான் பேசியதை, 'உங்க ஹாரி' என்று நான் கூப்பிட்டதை, அவர் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவருக்கு அது ஞாபகமே இல்லையா, அல்லது என்னைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரா, தெரியாது. நான்தான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, இதெல்லாம் என்னாலதான்," என்றேன்.

முதல் தடவையாக அவரை அண்ணே என்றேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மெழுகுவர்த்தியை என் கையில் வைத்தார்.

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கு ஞாபகம் வந்தாலும் வரும். வந்தா நீங்க கொளுத்துங்க."

தொண்ணூற்றைந்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கப் பூசையில் புதிதாக வந்திருந்த பாதிரியார், ஐரீன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, பாலைவனத்தில் குண்டு பாய்ந்த தண்ணீர்ப் பீப்பாயைப் பற்றியும் ஹாரி என்ற நல்ல நண்பனைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். கோவிலில் பலர் அழுதார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. இல்லை, அவன் பெயர் இது என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயர் இருந்தால்தானே.

மெழுகுவர்த்தி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெக்கையில் கொஞ்சம் வளைந்துவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். இதுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.